வேலையில் இருந்துகொண்டே தன்மேல் முதல் போடுவது எப்படி?

கடை நடத்துபவருக்கு மாதக் கடைசியில் மூன்று கேள்விகள் தவறாமல் வரும்: எது விற்றது, அதை விற்க எவ்வளவு ஆனது, அடுத்த மாதம் எதில் முதல் போடுவது. மாதச் சம்பளத்தில் இருப்பவர்கள் இந்த மூன்றையும் பெரும்பாலும் கேட்டுக்கொள்வதே இல்லை. சம்பளம் ஏறிவிட்டதா, பிடித்தம் எவ்வளவு என்பதோடு கணக்கு முடிந்துபோகிறது.

தொழில்முனைவோர் மனப்பான்மை என்றதும், வேலையை உதறிவிட்டுக் கடன் வாங்கி இறங்குவதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அதற்கு வேலையை விடவே வேண்டியதில்லை. உங்கள் நேரம், திறமை, பெயர், தொடர்புகள் ஆகிய நான்கும் உங்கள் கைமுதல். அவற்றை எங்கே போட்டால் எவ்வளவு திரும்பும் என்று எழுதிப் பார்த்து முடிவெடுப்பவர், சம்பளத்தில் இருந்தாலும் தொழில்முனைவோர்தான். அந்த முறையைத்தான் இங்கே விளக்குகிறோம். ஒன்றை மட்டும் இப்போதே அழுத்திச் சொல்லிவிடுகிறோம். படித்ததும் பயின்றதும் இன்னொருவருக்குப் பயன்படும் பொருளாக மாறும்வரை அது செலவுக் கணக்கில்தான் நிற்கும். தன்மேல் முதலீடு செய்யக் கிளம்பிப் பாதி வழியில் நின்றுவிடுகிறவர்களில் அநேகர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

உங்கள் ஒரு மணி நேரம் எவ்வளவு பெறும்?

மாத வருமானத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தப்படி மாதம் 200 மணி நேர வேலை என்றால், மணிக்கு 0.5 பங்கு. ஆனால் வேலைக்காக நீங்கள் கொடுப்பது அந்த 200 மணியோடு முடிவதில்லை. போக வர 40 மணி. வீட்டுக்கு வந்த பிறகும் தொடரும் அழைப்புகள், செய்திகள், மறுநாளுக்கான தயாரிப்பு எல்லாம் சேர்த்து 20 மணி. ஆக 260. வேலைக்குப் போவதாலேயே ஆகும் செலவுகள், அதாவது பயணம், உடை, வெளியில் சாப்பாடு, ஒரு 9 பங்கு. கையில் நிற்பது 91. அதை 260-ஆல் வகுத்தால் 0.35. நினைத்திருந்ததைவிட 30 சதவீதம் குறைவு.

உங்கள் எண்களைப் போட்டு இந்தக் கணக்கை ஒருமுறை செய்யுங்கள். அரை மணி நேரம் போதும். இரண்டு வேலை வாய்ப்புகளை ஒப்பிடும்போது இது உடனே கைகொடுக்கும். சம்பளம் 10 சதவீதம் கூடுதலாக, பயணம் மாதத்துக்கு 30 மணி நேரம் அதிகமாக உள்ள வேலை, மேலே சொன்ன கணக்கில் நட்டமாகவே முடியும்.

தனியாக வேலை எடுத்துச் செய்யப் போகிறவர்கள் இதில் இன்னொரு அடி வைக்க வேண்டும். வாரம் 40 மணி உழைத்தாலும் கூலி வரும் மணி 20 முதல் 25 வரைதான் இருக்கும். வாடிக்கையாளரைத் தேடுவது, விலை எழுதிக் கொடுப்பது, திருத்தம் செய்வது, பணத்தைக் கேட்டு வாங்குவது எல்லாம் மீதியைத் தின்றுவிடும். சம்பளத்தை மணிக்கணக்காக்கி அதையே கூலியாகச் சொல்கிறவர்கள் சில மாதங்களில் திணறிப்போவது இதனால்தான். அந்த எண்ணைக் குறைந்தது இரண்டால் பெருக்கிக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.

நேரத்தை எழுதி வைப்பது

வாரத்துக்கு 168 மணி. தூக்கத்துக்கு 56 போனால் மீதம் 112. இதில் நமக்கு எங்கே இடமிருக்கிறது என்று யோசித்துச் சொல்ல முடியாது, எழுதித்தான் பார்க்க வேண்டும். 14 நாள், அரை மணிக்கு ஒரு வரி. இரவில் உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் பயனில்லை. நினைவு தனக்குச் சாதகமாகத்தான் கணக்குச் சொல்லும். அந்தந்த நேரத்திலேயே எழுதி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறி போடுங்கள்: கூலி தரும் வேலை, வீடும் உடம்பும் கேட்கும் வேலை, நாளைக்குப் பயன்படும் வேலை, வீணில் போனது.

இரண்டு வாரம் முடிந்ததும் வீணானவற்றைக் கூட்டிப் பார்த்து வருந்துவதில் நேரத்தைப் போக்காதீர்கள். அங்கொரு பத்து நிமிடமும் இங்கொரு பதினைந்து நிமிடமும் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகாது. தொடர்ச்சியாக 50 நிமிடம் கிடைக்கும் இடங்கள் எவை, அவற்றில் தலை தெளிவாக இருப்பவை எவை என்று மட்டும் தேடுங்கள். வாரத்தில் ஐந்து கிடைத்தால் தாராளம். ஆண்டுக்கு 250 தடவை உட்காரலாம். ஒரு புதுத் திறமையை வேலைக்கு ஆகும் அளவுக்குக் கொண்டுவர இது தாங்கும்.

தூக்கத்தை வெட்டி நேரம் எடுப்பது முதலுக்கே மோசம். பகலில் கற்றதை மூளை பதிய வைப்பதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

எதில் போடுவது

இங்கேதான் நிதானம் தேவை. சந்தையில் எது பரபரப்பாகப் பேசப்படுகிறதோ அதைக் கற்கக் கிளம்புவது வழக்கம். அதைவிட, உங்களைச் சுற்றி எங்கே வலிக்கிறது என்று பார்ப்பது பலன் தரும். இரண்டு வாரம் மூன்று விஷயங்களை மட்டும் குறித்து வையுங்கள். எந்த வேலை திரும்பத் திரும்பத் தாமதமாகிறது, எந்தத் தவறு மறுபடி மறுபடி திருத்தப்படுகிறது, யார் எதற்காக உங்களைத் தேடி வருகிறார்கள். மூன்றாவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. நீங்கள் சுலபமாகச் செய்வது அடுத்தவருக்குக் கடினமாக இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது.

அடுத்து, உங்கள் பதவிக்கு ஒரு படி மேலே உள்ள வேலைக்கான 20 விளம்பரங்களைச் சேகரியுங்கள். ஒவ்வொன்றிலும் கேட்கும் திறமைகளைத் தாளில் வரிசையாக எழுதிக் கோடு போட்டு எண்ணுங்கள். எட்டுக்கு மேல் கோடு விழுந்தவை சந்தை பணம் கொடுக்கத் தயாராக இருப்பவை. அவற்றில் எது உங்களிடம் பாதி இருக்கிறதோ அதை எடுங்கள். முழுக்கப் புதியதை அடியிலிருந்து தொடங்குவதைவிட, பாதியை முழுமையாக்குவது சீக்கிரம் பலிக்கும். விளம்பரத்தில் இருப்பதெல்லாம் உண்மையில் தேவைப்படுகிறதா என்று அந்த வேலையில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் கேட்டுவிடுங்கள். வேலையில் யாரும் தொடாத விஷயங்களும் விளம்பரத்தில் இடம்பிடிப்பதுண்டு.

யார் செலவில் கற்பது என்பதற்கும் ஒரு விதி இருக்கிறது. பொருளியலாளர் கேரி பெக்கர் 1964-இல் மனித மூலதனம் பற்றி எழுதியபோது, பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். எந்த நிறுவனத்துக்குப் போனாலும் செல்லுபடியாகும் பொதுத் திறமை ஒன்று. இப்போது இருக்கும் நிறுவனத்தில் மட்டும் உதவுவது இன்னொன்று. முதல் வகையைக் கற்றவர் அதை எடுத்துக்கொண்டு வெளியேறிவிடலாம் என்பதால், அதற்கு நிறுவனம் செலவழிக்கத் தயங்கும். நமக்கான பாடம் எளிது. அந்த நிறுவனத்தின் சொந்த மென்பொருள், உள் நடைமுறை போன்றவற்றுக்கு உங்கள் பணத்தையும் விடுமுறையையும் கொடுக்காதீர்கள். அலுவலக நேரத்தில், அலுவலகச் செலவில் கேளுங்கள். தெளிவாக எழுதுவது, எண்களைப் படித்துப் பொருள் சொல்வது, விலை பேசுவது, ஒரு கூட்டத்தை 30 நிமிடத்தில் முடிப்பது ஆகியவை உங்களோடு வரும். உங்கள் கைக்காசு அங்கே போகட்டும்.

மூளையைக் கூர்மையாக்கும் பயிற்சி, நினைவாற்றல் விளையாட்டு போன்றவற்றில் பணம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உளவியலாளர்கள் தார்ண்டைக்கும் உட்வர்த்தும் 1901-லேயே சோதித்துக் காட்டியது இது: ஒன்றில் பெற்ற பயிற்சி, அதை ஒத்திருக்கும் வேலைக்குத்தான் ஓரளவு உதவும், பொதுவாக எல்லாவற்றுக்கும் பரவாது. விலை பேசக் கற்க வேண்டுமானால் விலை பேசித்தான் பழக வேண்டும்.

ஒரு பக்கத் தாள்

தேர்ந்தெடுத்ததும் பணத்தைக் கட்டாதீர்கள். ஒரு தாளை எடுத்து ஐந்து விஷயங்களை எழுதுங்கள். என்ன கற்கப் போகிறேன். எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் வரை போடுவேன். ஆறு வாரத்தில் கையில் எடுத்துக் காட்டும்படி என்ன இருக்கும். அதை யாரிடம் காட்டுவேன். எந்தத் தேதியில் உட்கார்ந்து முடிவெடுப்பேன்.

மூன்றாவது வரிதான் முக்கியம். அதில் ‘நன்றாகக் கற்றிருப்பேன்’ என்று எழுதினால் தாள் செல்லாது. ‘எங்கள் பிரிவின் வாடிக்கையாளர் கேள்விகளில் அடிக்கடி வரும் 15-க்கு விடை எழுதி, இரண்டு பக்கக் கையேடாக்கி, புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் கொடுத்திருப்பேன்’ என்று எழுத வேண்டும். இன்னொருவர் தொட்டுப் பயன்படுத்தும் ஒன்று அங்கே இல்லையென்றால், கற்றது ஏட்டுச் சுரைக்காயாகப் போய்விடும்.

மணி நேரத்தை எழுதும்போது மனம் எப்போதும் குறைத்தே சொல்லும். 1994-இல் பியூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள். ஆனதோ 55-க்கு மேல். அதனால் தோன்றும் எண்ணை 1.6-ஆல் பெருக்கி எழுதுங்கள். 20 மணி என்று தோன்றினால் 32.

பணத்துக்கான உச்சவரம்பை எப்படி வைப்பது? எவ்வளவு சம்பாதிக்கலாம் என்று கனவு கண்டு, அதற்குத் தக்கபடி செலவழிப்பவர்கள் கடனில் முடிகிறார்கள். அனுபவம் வாய்ந்த தொழில்முனைவோர் முடிவெடுக்கும் முறையை ஆராய்ந்த சரஸ் சரஸ்வதி 2001-இல் எழுதியது இதற்கு நேர் எதிர். அவர்கள் வரப்போகும் லாபத்தைக் கணிப்பதில் மெனக்கெடுவதில்லை. முழுவதும் போனாலும் தாங்கக்கூடிய தொகை எது என்று பார்த்து அதற்குள் நிற்கிறார்கள். முதல் ஆண்டில் வருமானத்தில் 3 முதல் 5 சதவீதம் போதும் என்பது எங்கள் கருத்து. கடன் அட்டையில் போட்டுப் பயிற்சிக்குப் பணம் கட்டும் நிலை இருந்தால், முதலில் அந்தக் கடனை அடைப்பதே உங்களுக்கான மிகச் சிறந்த முதலீடு.

செலவழிக்கும் வரிசையும் உண்டு. நூலகமும் இலவசப் பாடங்களும் முதலில். அதில் பத்து மணி நேரம் தாக்குப்பிடித்தால், வேலைக்கு அவசியமான கருவி. அதன் பிறகுதான் கட்டணப் பயிற்சி. அதிலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் செய்ததைப் பார்த்துத் திருத்தித் தர ஆள் இருக்கிறாரா? காணொளிகள் மட்டும் என்றால் அதே விஷயம் வேறெங்காவது இலவசமாக இருக்கும். திருத்துபவரின் நேரத்துக்குத்தான் காசு கொடுக்க வேண்டும். சான்றிதழ் கடைசி. சட்டமோ வேலை விளம்பரமோ அதைக் கட்டாயம் கேட்கும் துறை என்றால் மட்டும் அதை முன்னுக்குக் கொண்டுவரலாம்.

வாங்கியவுடனே முன்னேறிவிட்டது போன்ற ஒரு நிறைவு வரும். அதை நம்ப வேண்டாம். ஒன்றை முடித்துக் காட்டாமல் அடுத்த பயிற்சியை வாங்குவதில்லை என்ற விதியைத் தாளின் அடியிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

அந்த 50 நிமிடம்

உட்கார்ந்த முதல் ஐந்து நிமிடம் எதையும் திறக்காதீர்கள். வெற்றுத்தாளில், போன முறை கற்றதை நினைவிலிருந்து எழுதுங்கள். இது தண்டனை போலத் தோன்றும், ஆனால் பதிய வைப்பது இதுதான். ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மறுபடி படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 சதவீதமே நினைவில் நின்றது. ஒருமுறை படித்து, பிறகு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், படித்த ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். படித்துக்கொண்டே இருந்தால் எல்லாம் தெரிந்தது போல இருப்பது இதனால்தான்.

அடுத்த 35 நிமிடம் ஒரே ஒரு பலவீனத்தின்மேல். வாடிக்கையாளருக்கு வேலை முன்மொழிவு எழுதக் கற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முழு முன்மொழிவை எழுத வேண்டாம். முதல் பத்தி மட்டும். நல்ல மாதிரி ஒன்றைப் படித்து மூடி வையுங்கள். உங்கள் வாடிக்கையாளருடைய பிரச்சினையை மூன்று வாக்கியத்தில் எழுதுங்கள். மாதிரியைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். அதில் வாடிக்கையாளரைப் பற்றி எத்தனை வரி, எழுதியவரைப் பற்றி எத்தனை வரி? உங்களுடையதில் எத்தனை? பழகாதவர்கள் எழுதியதில் முக்கால்வாசி ‘நாங்கள்’ என்றே தொடங்கும். மறுபடி எழுதுங்கள். மூன்றாம் முறை எழுதும்போது வித்தியாசம் உங்கள் கண்ணுக்கே தெரியும். கடைசிப் பத்து நிமிடத்தில் இன்று எது வரவில்லை, அடுத்த முறை எங்கே தொடங்குவது என்று இரண்டு வரி எழுதி மூடுங்கள். அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் அடுத்த நாளின் முதல் கால் மணி நேரம் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே போகும்.

ஒரு நாளைக்கு இப்படி இரண்டு தடவைக்கு மேல், அலுவலகம் போய்வருபவர்களால் ஆழமாகச் செய்ய முடியாது. ஆண்டர்ஸ் எரிக்சனும் சக ஆய்வாளர்களும் 1993-இல் வயலின் கலைஞர்களைப் பற்றி எழுதியபோது, மிகச் சிறந்தவர்களின் தனிப் பயிற்சியே நாளுக்கு நான்கு மணி நேரத்தை ஒட்டி நின்றது. அந்த ஆய்விலிருந்து புறப்பட்ட எதிலும் வல்லவராகப் பத்தாயிரம் மணி நேரம் வேண்டும் என்ற பேச்சைக் கேட்டு மலைத்துப் போகாதீர்கள். அது அந்தக் கலைஞர்கள் 20 வயதுக்குள் சேர்த்த பயிற்சியின் சராசரி. வேலைக்கு உதவும் அளவுக்கு ஒரு திறமையைக் கற்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

கற்றதை 1, 3, 7, 21 ஆம் நாள்களில் மறுபடி நினைவுபடுத்துங்கள். பழக்கம் ஊன்றுவதற்கு எத்தனை நாள் ஆகும் என்ற கேள்வி எப்போதும் வரும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் செய்து 2010-இல் அச்சான ஆய்வில் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை போனது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. அதனால் பலரும் சொல்வதுபோல 21 நாளில் பழகவில்லையே என்று கைவிட வேண்டாம், ஒரு நாள் விட்டுப்போனதற்காக முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம்.

ஒரு வேலையைக் கிட்டத்தில் பார்ப்போம்

மாதம் ஒருமுறை மூன்று பிரிவுகளின் கணக்கைத் தொகுத்து மேலிடத்துக்கு அனுப்பும் வேலை உங்களுடையது. ஆறு மணி நேரம் பிடிக்கிறது. எக்செல் நன்றாகக் கற்றால் குறையும் என்று தோன்றுகிறது. உடனே பாடத்தில் சேராமல், ஒருமுறை கடிகாரத்தை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்யுங்கள். ஃபைல்களைக் கேட்டு வாங்க 70 நிமிடம், ஒரே வடிவத்துக்கு மாற்றி ஒட்ட 120, கூட்டல் 60, ஒத்துப்போகாத எண்களைத் தேட 80, கடிதம் எழுத 30. மொத்தம் 360.

முதல் இரண்டும் சேர்ந்து பாதிக்கு மேல். அதற்கு ஃபார்முலாவே தேவையில்லை. மூன்று பிரிவுக்கும் ஒரே படிவம், தலைப்புகள் பூட்டி, தேதி ஒரே வடிவத்தில் மட்டும் ஏறும்படி அமைத்து, கடைசி நாளை இரண்டு நாள் முன்னுக்குத் தள்ளிக் கேட்டால் போதும். கருவிக்கு ஓடுவதற்கு முன் நடைமுறையைச் சரிசெய்வது எப்போதும் மலிவு. மீதியைத்தான் ஃபார்முலாவிடம் விட வேண்டும்.

அங்கே எது கெடும் என்பதும் முன்கூட்டியே தெரிந்த விஷயம். தேதி எழுத்தாகப் பதிவாகியிருக்கும், அதனால் வரிசைப்படுத்தினால் தாறுமாறாகும். பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருக்கும், தேடும் ஃபார்முலா ‘இல்லை’ என்று சொல்லும். யாரோ நடுவில் ஒரு நெடுவரிசையைச் செருகுவார்கள், எல்லா எண்ணும் ஒன்று தள்ளிப்போகும். மூன்றாவதுதான் ஆபத்து, ஏனென்றால் பிழைச் செய்தி வராமலே தவறான விடை வரும். அதனால் மேலே இரண்டு சோதனைக் கட்டங்கள் வையுங்கள். ஒன்று, மூன்று பிரிவுகளும் தாங்களே எழுதி அனுப்பிய மொத்தங்களின் கூட்டலிலிருந்து உங்கள் பெருந்தொகையைக் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். இன்னொன்று, வந்த வரிகளின் எண்ணிக்கையும் தொகுத்த வரிகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் பழைய முறையிலும் புதிய முறையிலும் செய்து ஒப்பிட்டுவிட்டுத்தான் பழையதை விட வேண்டும்.

இப்போது கணக்கு. கற்கவும் அமைக்கவும் 30 மணி நேரம். ஆறு மணி ஒரு மணியாகிறது. மாதம் 5 மிச்சம். ஆறு மாதத்தில் போட்ட முதல் திரும்பிவிடும், அதற்குப் பிறகு எல்லாம் லாபம். அந்த அறிக்கையே நான்கு மாதத்தில் நிறுத்தப்படப் போகிறது என்றால் இதைத் தொடவே கூடாது. கற்பதற்கு முன் இதை விசாரிக்காமல் விடுவது பொதுவான தவறு.

மிச்சமான ஐந்து மணி நேரத்தை எங்கே வைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் அது காணாமல் போகும். இருக்கும் நேரத்தை நிரப்பும்வரை வேலை விரிந்துகொண்டே போகும் என்று வரலாற்றாசிரியர் பார்க்கின்சன் 1955-இல் எழுதியது இன்றைக்கும் எல்லா அலுவலகத்திலும் நடக்கிறது. அந்த நேரத்தைப் பக்கத்து மேசையின் இதே போன்ற சிக்கலுக்குக் கொடுங்கள். கூடவே, நீங்கள் இல்லாமலே அந்தத் தொகுப்பை இன்னொருவர் செய்யும்படி ஒரு பக்கக் குறிப்பு எழுதி வையுங்கள். ரகசியமாக வைத்துக்கொண்டால் இடம் பத்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. நகர்த்த முடியாதவரை மேலே ஏற்றவும் முடியாது என்பதை மேலதிகாரிகள் நன்றாகவே அறிவார்கள்.

கூலியைப் பேசுவது

வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு வரி எழுதுங்கள்: முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, யாருக்கு லாபம். ‘6 மணி நேரம் 1 மணி ஆனது, அறிக்கை இரண்டு நாள் முன்னதாகப் போகிறது’ என்பது போல. ஆண்டுக் கடைசியில் நினைவிலிருந்து தேடினால் பாதிகூட வராது.

ஊதிய உயர்வு அறிவிக்கும் மாதத்தில் கேட்டால் பட்ஜெட் ஏற்கெனவே முடிந்திருக்கும். இரண்டு மூன்று மாதம் முன்பே பேச்சை எடுங்கள். வீட்டுச் செலவையும் பக்கத்து இருக்கைக்காரரின் சம்பளத்தையும் இழுக்காமல் அந்தக் குறிப்பிலிருந்து மூன்று வரியை வையுங்கள். ஒரு எண்ணைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் தாங்காமல் தானே குறைத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் மிகப் பெரிய சேதம். இப்போது முடியாது என்றால், எந்தத் தேதிக்குள் எதைச் செய்து காட்டினால் முடியும் என்று கேட்டு, அன்றைக்கே அதை மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். சொன்னதைச் செய்துகாட்டிய பிறகும் பதில் மாறவில்லையென்றால் வெளியே தேட வேண்டியதுதான்.

தேடும்போது நெருங்கிய நண்பர்களிடம் மட்டும் சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரிந்திருக்கும். சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் எழுதியபடி, அறிமுகம் மூலம் வேலை பெற்றவர்களில் சுமார் 17 சதவீதம் பேரே அந்த அறிமுகத்தை அடிக்கடி சந்தித்துக்கொண்டிருந்தவர்கள். மற்ற எல்லோருக்கும் அது எப்போதாவது பார்க்கும் ஆள். வாரத்துக்கு ஒருவர் என்று, தொடர்பு விட்டுப்போன பழைய சக ஊழியருக்கு நாலு வரி எழுதுங்கள். எதையும் கேட்காமல், அவருக்கு உதவும் ஒரு தகவலோடு.

வேலையை விடும் நேரம்

பக்கத்தில் ஒன்றைத் தொடங்கியவர்களுக்கு இந்தக் கேள்வி வந்தே தீரும். வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் தொடங்கி, பிறகு முழு நேரமாக மாறியவர்களுக்கு, எடுத்த எடுப்பில் வேலையை விட்டவர்களைவிடத் தோல்வி வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று ஆய்வாளர்கள் ராஃபியும் ஃபெங்கும் 2014-இல் காட்டினார்கள். அவசரம் வேண்டாம்.

நாங்கள் சொல்லும் அளவு இது. நட்பும் உறவும் இல்லாத மூன்று பேராவது காசு கொடுத்திருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது மறுபடி வந்திருக்க வேண்டும். பக்க வருமானம், செலவு போக, வீட்டின் அத்தியாவசியச் செலவில் பாதியைத் தொடர்ந்து ஆறு மாதம் தாங்கியிருக்க வேண்டும். ஆறு மாதச் செலவுக்கான பணம் தொடாமல் இருக்க வேண்டும். உங்களை நம்பிக் குடும்பம் இருந்தால் பன்னிரண்டு. இவற்றில் எது குறைந்தாலும் இன்னும் கொஞ்ச காலம் சம்பளத்திலேயே இருங்கள்.

வேலை ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். வெளி வேலைக்கு அனுமதி தேவையா, பணிக்காலத்தில் உருவாக்கியது யாருக்குச் சொந்தம், விலகிய பின் போட்டி நிறுவனத்தில் சேரத் தடை உண்டா என்ற மூன்று பகுதிகள். அலுவலகக் கணினியிலோ அலுவலக நேரத்திலோ உங்கள் சொந்த வேலையில் ஒரு வரிகூடச் செய்யாதீர்கள். பின்னால் தகராறு வந்தால் அந்த ஒரு வரிதான் சாட்சியாக நிற்கும்.

தேதி வந்ததும்

தாளில் எழுதிய தேதியில் மூன்று முடிவுகளில் ஒன்றை எடுத்தாக வேண்டும்: தொடர்வது, மாற்றுவது, நிறுத்துவது. இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்பதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். ஆர்க்ஸும் புளூமரும் 1985-இல் நாடக அரங்கின் பருவச் சீட்டை வைத்துச் செய்த சோதனையில், முழு விலை கொடுத்தவர்கள் தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட அதிக நாடகங்களுக்குப் போனார்கள், பருவத்தின் முதல் பாதியிலாவது. எல்லோருக்கும் கிடைத்தது ஒரே மாதிரிச் சீட்டுதான். கொடுத்த காசுதான் அவர்களை இழுத்தது. இதிலிருந்து தப்ப ஒரு கேள்வி உதவும்: இதுவரை ஒன்றுமே போடாமல் இன்றைக்குத்தான் தொடங்குகிறேன் என்றால், இந்தத் திறமைக்கு அடுத்த 30 மணி நேரத்தைக் கொடுப்பேனா? இல்லை என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

நிறுத்தியதைக் குப்பையில் போடாமல், தாளின் பின்பக்கத்தில் காரணத்தை ஒரே வரியில் எழுதிக் கோப்பில் வையுங்கள். யாரும் கேட்கவில்லை, நேரம் கிடைக்கவில்லை, திருத்த ஆளில்லை, ஆர்வம் போய்விட்டது. பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். நாலைந்து தாள்கள் சேர்ந்ததும் பரப்பி வைத்துப் பாருங்கள். ‘யாரும் கேட்கவில்லை’ என்பதே திரும்ப வந்தால் தேர்ந்தெடுக்கும் முறையில் கோளாறு, மறுபடி அந்த 20 விளம்பரங்களிலிருந்து தொடங்க வேண்டும். ‘நேரம் கிடைக்கவில்லை’ என்பதே வந்தால் அடுத்த தாளில் மணி நேரத்தைப் பாதியாக்கி, மூன்று வாரத்தில் முடியும் சிறிய பொருளாக எழுதுங்கள்.